ஓலைப்பெட்டி முடையிறது சாயங்கால கிளாஸ்ல படியுமா? – விவாத இழை

கேள்வி – ஜூலை 3, 2024

மதுரைல தெப்பக்குளம் பக்கம் பனை ஓலைப்பெட்டி கிளாஸ் நடத்துறாங்களாம். செவ்வாய் வெள்ளி சாயங்காலம் 6ல இருந்து 8 வரை, எட்டு கிளாஸுக்கு 1200 ரூபா, ஓலை அவங்களே தர்றாங்க. யூடியூப்ல பத்து நிமிஷ வீடியோவே கிடக்கு, நாலு தடவை பார்த்தா வந்துடாதா? யாராச்சும் போறீங்களா? காசு தண்டமா?

ஜூலை 3, இரவு 10.20

நானும் அதே கிளாஸுக்குத்தான் பேர் குடுத்திருக்கேன். வர்ற செவ்வாய் 9ம் தேதி ஆரம்பம், போயிட்டு வந்து எழுதுறேன்.

எனக்கு ஊர் உடன்குடி பக்கம், வீட்டைச் சுத்தி பனங்காடு. எங்க ஆச்சி சாயங்காலம் திண்ணைல கால நீட்டி உக்காந்தான்னா ராத்திரி சாப்பாட்டுக்குள்ள ஒரு பெட்டி முடிஞ்சிருக்கும், பேசிக்கிட்டே முடைவா, கையப் பார்க்கவே மாட்டா. பதினெட்டு வயசு வரைக்கும் பக்கத்துல உக்காந்து கதை கேட்டிருக்கேன், ஒரு நாள் கூட ஓலையக் கையில எடுத்ததில்ல. அது பொம்பளைங்க வேலைன்னு வீட்ல யாரோ சொன்னத நானும் நம்பிட்டேன். இப்ப எனக்கு 44, ஆச்சி போயி 24 வருஷம் ஆச்சு.

போன வாரம் வீடியோ பார்த்து பழைய காலண்டர் தாளை அரை இன்ச் அரை இன்ச்சா வெட்டி முடைஞ்சு பார்த்தேன், வந்துடுச்சு, ஒண்ணு மேல ஒண்ணு கீழ, அவ்வளவுதான். அதனால பின்னல்ல பெருசா ஒண்ணும் இல்லன்னுதான் எனக்குத் தோணுது, ஓலை கைக்குக் கிடைக்குதேன்னுதான் கிளாஸ் போறேன். நான் சொல்றது தப்பா இருந்தா இங்கயே வந்து எழுதுறேன்.

ஜூலை 9, இரவு 9.15

தப்பாதான் இருந்துச்சு.

ரெண்டு மணி நேரம், ஒரு வரிசை கூட முடையல. பூரா ஓலை வாருறது மட்டும்தான்.

மொத்தம் 12 பேர். காலேஜ் பொண்ணுங்க மூணு பேர், ரிட்டயர் ஆன ஒரு ஹெட்மாஸ்டர், ஒரு அம்மாவும் அவங்க எட்டு வயசுப் பையனும், மத்தவங்க என்ன மாதிரி ஆபீஸ் முடிச்சு வர்ற ஆளுங்க. சொல்லிக்குடுக்கிறவங்க ராமநாதபுரம் பக்கம், அறுபது வயசுக்கு மேல இருக்கும், எல்லாரும் அம்மான்னுதான் கூப்பிடுறோம். அறிமுகம் அது இதுன்னு ஒண்ணும் கிடையாது, வந்ததும் ஆளுக்கு ஒரு குருத்தோலைய மடியில போட்டாங்க. குருத்துன்னா இன்னும் விரியாத ஓலை, மடிச்ச விசிறி மாதிரி நீளமா இருக்கும், வெயில்ல காயவச்சு நல்லா வெளுத்துப் போயிருந்துச்சு. அத விரிச்சு இதழ் இதழா பிரிக்கணும், ஒவ்வொரு இதழுக்கும் நடுவுல ஈர்க்கு ஓடும், ஈர்க்க உரிச்சு எடுத்துட்டா ரெண்டு பக்கமும் ரெண்டு வார். என் ஓலைய எண்ணினேன், 62 இதழ், அப்ப 124 வார் வரணும். ஓரத்து இதழெல்லாம் குட்டை, நான் கிழிச்சதுல கோணிப்போனது வேற, கடைசியில பெட்டிக்கு ஆகுற மாதிரி தேறினது 41.

கத்தியாலதான் கிழிப்பாங்கன்னு நினைச்சிருந்தேன். கத்தி முனைல ஒரு கீறல் போடுறதோட சரி, மீதி பூரா நகம்தான். ஓலைல நரம்பு நேரா ஓடுது, அது கூடவே போனா வார் சீரா வரும், நாம இழுத்த இழுப்புக்குக் கிழிச்சா பாதில ஒல்லியாகி கூர்மையா முடிஞ்சுடுது. ஒரு பொண்ணு ஸ்டீல் ஸ்கேல் கொண்டு வந்திருந்தா, அம்மா வாரினத எல்லாம் அளந்து பார்த்தா, எல்லாம் ஒரே அளவு, ஒரு நூல் கூட வித்தியாசம் இல்ல. அவங்க எதையும் அளக்கல, சுண்டுவிரல் அகலத்துக்கு நகத்தை வச்சு இழுக்கிறாங்க, அவ்வளவுதான்.

காலண்டர் தாளை கத்திரிக்கோலால வெட்டினதுல இந்த வேலையே எனக்குத் தெரியாம போச்சு. வீடியோல கூட வாரி அடுக்கி வச்ச ஓலையோடதான் ஆரம்பிக்கிறாங்க.

கட்டைவிரல் எரியுது, மீதி நாளைக்கு.

ஜூலை 10, காலை 7.05

குருத்தோலை மட்டும்தானா, சாதா பச்சை ஓலைல முடைய முடியாதான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். எனக்கு ஊர்ல கேட்ட ஞாபகத்துல சொல்றேன், குருத்துக்கு அடுத்து விரிஞ்ச ஓலைக்கு சாரோலைன்னு பேரு, அது கொஞ்சம் முரடு, பாய்க்கும் பெரிய பெட்டிக்கும் ஆகும். காஞ்சு தொங்குறது காவோலை, அது எரிக்கத்தான், வேலி அடைக்கத்தான். காவோலை விழ குருத்தோலை சிரிச்சதாம்னு பழமொழி இருக்குல்ல, அந்தக் காவோலை.

ஜூலை 12, இரவு 9.40

இன்னைக்கு பெட்டிக்கு அடிப்பாகம் போட்டோம். 12 வார் நெடுக்க, 12 வார் குறுக்க.

அம்மா வந்ததும் முதல் வேலையா ஃபேனை நிறுத்தச் சொல்லிட்டாங்க. ஜூலை மாசம் மதுரைல ஃபேன் இல்லாம ரெண்டு மணி நேரம் உக்காந்து பாருங்க. ஹெட்மாஸ்டர் சட்டை பூரா நனைஞ்சுடுச்சு. ஆனா காரணம் இருக்கு, காத்துல ஓலை பத்தே நிமிஷத்துல விறைச்சுடுது, மடிச்சா பட்டுன்னு ஒடியுது. நான் ஃபேன் நிக்கிறதுக்கு முன்னாடி மடிச்ச நாலு வாரும் மடிப்புல வெடிச்சுடுச்சு. ஈரத்துணி ஒண்ணு பக்கத்துல வச்சுக்கிட்டு வார்களை அதுக்குள்ள சுத்தி வச்சு ஒண்ணொண்ணா உருவி எடுக்கணும்.

அடில ஒரு விஷயம். வார் இரட்டைப்படைல இருக்கணும்னாங்க, பத்து பன்னெண்டு பதினாலு இப்படி. ஏன்னு கேட்டேன், அடுத்த கிளாஸ்ல தெரியும்னு சொல்லிட்டாங்க.

வீட்ல செஞ்சு பார்க்கிறவங்களுக்கு ஒரு யோசனை. ஈரத்துணி வேலையெல்லாம் எதுக்கு, வார்களை அரை மணி நேரம் பக்கெட் தண்ணில ஊறப்போட்டுடுங்க, நல்லா இளகிடுது, துணி மாதிரி வளையுது. நான் மிச்ச ஓலைய அப்படித்தான் இப்ப ஊறப்போட்டிருக்கேன்.

ஜூலை 16, இரவு 10.30

முதல் பெட்டி முடிஞ்சது! உள்ளங்கை அகலம், வாய் கொஞ்சம் கோணல், ஆனா பெட்டி. பஸ்ல மடியில வச்சுக்கிட்டு வந்தேன், பக்கத்து சீட்டு அம்மா எங்கப்பா வாங்குனன்னாங்க, நான் முடைஞ்சதுன்னு சொல்லும்போது குரல் கொஞ்சம் பெருசாவே வந்துடுச்சு.

சரி, அந்த இரட்டைப்படை சமாச்சாரம். இத மட்டும் கொஞ்சம் விளக்கி எழுதணும், ஏன்னா வீடியோல ரெண்டே செகண்ட்ல தாண்டிப் போயிடுறாங்க.

நான் நினைச்சிருந்தது, முடைஞ்ச சதுரத்தோட நாலு மூலைதான் பெட்டியோட நாலு மூலைன்னு. அது இல்ல. சதுரத்தோட ஒவ்வொரு பக்கத்துலயும் நட்டநடுவுலதான் பெட்டியோட மூலை வருது. 12 வார்னா ஆறு இந்தப்பக்கம் ஆறு அந்தப்பக்கம் பிரிச்சு, நடுவுல இருக்கிற ரெண்டையும் ஒண்ணுமேல ஒண்ணு மாத்திப் போட்டு இறுக்கினா அந்த இடம் அப்படியே மேல எந்திரிச்சு மூலையா நிக்குது. ஒத்தைப்படைன்னா நடுவுல ஒண்ணு அனாதையா நிக்கும், எந்தப் பக்கம் சேர்த்தாலும் மூலை ஒதுங்கிடும். நாலு பக்கமும் இப்படி எழுப்பினதும் சதுரத்தோட பழைய மூலைங்க நாலும் மேல மடங்கி சுவராயிடுது. அதனாலதான் ஓலைப்பெட்டி சுவர்ல வார் நேரா ஓடாம சாய்வா ஓடுது. இத்தனை வருஷம் வீட்ல அஞ்சாறு ஓலைப்பெட்டி இருந்துச்சு, அந்தச் சாய்வை நான் பார்த்ததே இல்ல, இல்ல பார்த்திருக்கேன், ஏன்னு கேட்டதில்ல.

இதுல இன்னொண்ணு. அரை இன்ச் வார் 12ன்னா ஆறு இன்ச் சதுரம் வருது, ஆனா பெட்டியோட அடி அளந்தா நாலேகால் இன்ச்தான். பரப்புல சரிபாதி அடிக்குப் போகுது, மறுபாதி சுவருக்குப் போயிடுது. எந்த அளவுல பெட்டி வேணுமோ அதுக்கு ஏத்த மாதிரி முதல்லயே வார் எண்ணிக்கை வச்சுக்கணும். அம்மா இதை கணக்கா சொல்லல, அரைப்படி அரிசி கொள்ற பெட்டிக்கு இத்தனை, ஒரு படிக்கு இத்தனைன்னு மனசுலயே வச்சிருக்காங்க. ஹெட்மாஸ்டர் கணக்கு வாத்தியார், அவர் நோட்ல பித்தாகரஸ் போட்டு அம்மாகிட்ட காட்டுனார், அம்மா நோட்டை வாங்கிப் பார்த்துட்டு "நல்லா எழுதியிருக்கீங்க சார், மூலைய இறுக்குங்க"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சோம், அவரும்தான்.

அப்புறம் காலண்டர் தாள்ல வந்துடுச்சுன்னு ஜூலை 3 எழுதினேன்ல, அது வெறும் தட்டி. சுவரே எழுப்பல நான். அத பெட்டின்னு எண்ணி பின்னல்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டேன். அந்த வரிய யாரும் நம்ப வேண்டாம்.

ஜூலை 19, இரவு 9.50

எல்லாரும் மன்னிக்கணும், 12ம் தேதி நான் எழுதின பக்கெட் யோசனை ரொம்பத் தப்பு. கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தர் அத நம்பி ஊறவச்சு முடைஞ்சிருக்கார், மூணு நாள்ல பெட்டி சல்லடை மாதிரி ஆயிடுச்சுன்னு எழுதியிருக்கார். என்னோடதும் அதே கதி. செவ்வாய்க்கிழமை கையில இறுக்கமா இருந்த பெட்டி இன்னைக்குக் காலைல பார்த்தா வாருக்கும் வாருக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுது, கடுகு போட்டா ஒழுகிடும்.

அம்மாகிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். கையில வாங்கி ஒரு திருப்பு திருப்பிட்டு, தண்ணில போட்டியான்னாங்க. ஓலை தண்ணி குடிச்சா உப்பும், உப்பின நிலைல எவ்வளவு இறுக்கி முடைஞ்சாலும் காயும்போது ஒவ்வொரு வாரும் அகலத்துல சுருங்கும், 12 வார் ஒவ்வொண்ணும் துளித்துளி சுருங்கினா மொத்தத்துல இடைவெளிதான் மிஞ்சும். அதனால ஊறப்போடக்கூடாது. லேசா தண்ணி தெளிச்சு ஈரத்துணில சுத்தி ஒரு மணி நேரம் வச்சா போதும், மடிச்சா ஒடியக்கூடாது அவ்வளவுதான் ஈரம், தொட்டா கையில தண்ணி ஒட்டக்கூடாது. அம்மா வாரை கன்னத்துல வச்சுப் பார்க்கிறாங்க. சில்லுன்னு இருந்தா ஈரம் கூடுதல், இன்னும் கொஞ்சம் ஆறவிடணும். நானும் வச்சுப் பார்த்தேன், உண்மைலயே விரலுக்குத் தெரியாதது கன்னத்துக்குத் தெரியுது.

கோயமுத்தூர் நண்பருக்கு, அந்தப் பெட்டிய தூக்கிப் போடாதீங்க. நல்லா காஞ்சப்புறம் அடில இருந்து ஒவ்வொரு வாரா இழுத்து நெருக்கிக்கிட்டே மேல வந்தா ஓரளவு இறுகிடும், வாய் முடிக்கிறதுக்கு முன்னாடின்னா இன்னும் சுலபம். நான் இன்னைக்கு முக்கால் மணி நேரம் அதத்தான் செஞ்சேன், உயரத்துல ரெண்டு வரிசை போச்சு, வெளிச்சம் நின்னுடுச்சு.

ஜூலை 20, மதியம் 1.30

முதல்ல கேள்வி கேட்டவருக்கு. யூடியூப் போதாதான்னு கேட்டீங்க. போன ரெண்டு வாரத்துல நான் கத்துக்கிட்டதுல பாதி கன்னத்துலயும் நகத்துலயும்தான் இருக்கு, அத வீடியோல எப்படிக் காட்டுவாங்கன்னு எனக்குத் தெரியல. 1200 ரூபாய்க்கு எனக்கு மனசு நிறைவுதான். ஆனா எட்டு கிளாஸும் போக முடிஞ்சா மட்டும் சேருங்க, நடுவுல ஒண்ணு விட்டாலும் அடுத்தது புரியாது.

ஜூலை 24, காலை 6.40

நேத்து சாயம். மூணு பாத்திரத்துல தண்ணி கொதிக்கவிட்டு செவப்பு, பச்சை, ஊதா பொடி கரைச்சு வார்களை உள்ள போட்டு கிண்டிக்கிட்டே இருந்தோம். குருத்துதான் சாயம் நல்லாப் பிடிக்குது, சாரோலைய போட்டுப் பார்த்தா மங்கலா வருது, ஏற்கனவே அதுல பச்சை இருக்கே. எட்டு வயசுப் பையன் ரெண்டு கையும் செவப்பு, அவங்க அம்மா ஸ்கூல்ல என்ன சொல்றதுன்னு கவலைப்பட்டாங்க.

சாயம்னதும் ஒருத்தர் செட்டிநாட்டுக் கொட்டானைப் பத்தி கேட்டிருந்தார், அதுவும் இதேதானான்னு. அடிப்படை அதே பனங்குருத்துதான், ஆனா கொட்டான்ல வார் ரொம்ப மெல்லிசு, வாய்ல பாசிமணி, குரோஷா லேஸ் எல்லாம் வச்சு தைப்பாங்க, அங்க ஆச்சிமாருங்க கல்யாணச் சீருக்குன்னு வீட்லயே முடைஞ்சது. நடுவுல ரொம்பக் குறைஞ்சுபோய், அப்புறம் விசாலாட்சி ராமசாமின்னு ஒருத்தங்க முயற்சி எடுத்து கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி குடுத்து திரும்பக் கொண்டு வந்தாங்க, இப்ப புவிசார் குறியீடும் இருக்கு. எங்க பக்கம் மணப்பாடும் ஓலைப் பொருளுக்குப் பேர்போன ஊருதான்.

யாழ்ப்பாணத்துல இருந்து ஒரு அக்கா எழுதினது எனக்கு ரொம்பப் பிடிச்சது. அங்க முடையிறதுன்னு சொல்றதில்லையாம், பெட்டி இழைக்கிறது, பாய் இழைக்கிறதுன்னுதான் சொல்வாங்களாம், நாம சாரோலைங்கிறது அங்க சார்வோலை. புட்டு அவிக்கிறதுக்கே ஒரு ஓலைப்பெட்டி, நீத்துப்பெட்டின்னு, கூம்பு மாதிரி கீழ ஒடுங்கி இருக்கும், பானை வாய்ல வச்சா ஆவி கீழ இருந்து ஓலைச் சந்துல ஏறி மாவு வெந்துடும். ஆவியும் ஏறணும், மாவும் கீழ கொட்டக்கூடாது, அந்த இறுக்கத்த யோசிச்சுப் பாருங்க. என் பக்கெட் பெட்டில புட்டு அவிச்சா மாவு பூரா பானைக்குள்ளதான் இருக்கும்.

ஜூலை 27, இரவு 11.45

தூக்கம் வரல, ஒண்ணு எழுதணும்.

இத கத்துக்கிட்டா சம்பாதிக்கலாமான்னு மூணு பேர் கேட்டிருந்தீங்க, நானும் நேத்து கிளாஸுக்குப் போறப்ப, பார்க்கலாம், இப்ப மவுசு இருக்குன்னு சொல்லணும்னு நினைச்சுக்கிட்டுத்தான் போனேன். 2019 ஜனவரி 1ல இருந்து ஒருமுறை யூஸ் பண்ற பிளாஸ்டிக் தடை வந்தப்புறம் கருப்பட்டி மிட்டாய், சேவு எல்லாம் ஓலைப்பெட்டில கட்டித் தர்ற கடைய நானே நிறைய பார்க்கிறேன்.

அம்மாகிட்ட கேட்டேன். இந்த உள்ளங்கைப் பெட்டி ஒரு நாளைக்கு எத்தனை முடைவீங்கன்னு. ஓலை வாரி ரெடியா இருந்தா பத்து, வாரி முடையணும்னா ஆறு ஏழு. யாவாரி எவ்வளவு தருவார்னு கேட்டேன். பதினைஞ்சு ரூபான்னாங்க. ஓலைக் காசு அதுல இருந்துதான். அதே பெட்டி ஆன்லைன்ல நூத்தி எண்பது ரூபாய்க்கு இருக்கு, என் போன்ல இருந்து காட்டினேன், காட்டியிருக்கக் கூடாதோன்னு இப்ப தோணுது. அவங்க ஒண்ணும் சொல்லல, படத்தைப் பெருசாக்கச் சொல்லி மூலைய உத்துப் பார்த்தாங்க.

எனக்கு ஞாபகம் வந்தது வேற. பதினைஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஊர்ப்பக்கம் ஒரு சந்தைல ஒரு பாட்டிகிட்ட பெரிய கடகம் ஒண்ணு, அதான் ஓலைக்கூடை, வாங்கினேன். ரெண்டு அடுக்கு ஓலை, விளிம்புல மட்டைல உரிச்ச நார் வச்சு பொத்தினது. 120 சொன்னாங்க, நான் 80ல நின்னேன், அவங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு, குடுத்துட்டாங்க. வீட்டுக்கு வந்து நாப்பது ரூபா குறைச்சேன்னு பெருமையா சொன்னேன், எங்க அம்மா கூட பரவால்லையே கெட்டிக்காரன்னா. அந்தக் கடகம் இன்னும் இருக்கு, அரிசி போட்டு வச்சிருக்கோம். இன்னைக்கு ராத்திரி எடுத்து வார் எண்ணிப் பார்த்தேன். என் வேகத்துல பத்து சாயங்காலம் ஆகும், கிளாஸ் அம்மா வேகத்துலயே ரெண்டு முழு நாள். என் வீட்ல ஒருத்தி அதே வேலைய திண்ணைல உக்காந்து செஞ்சத பார்த்து வளர்ந்தவன் நான், எனக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கணும். அந்தப் பாட்டி முகம் எவ்வளவு யோசிச்சும் ஞாபகம் வரமாட்டேங்குது.

ஜூலை 28, காலை 8.10

ராத்திரி எழுதினத அழிக்கலாமான்னு யோசிச்சேன், இருக்கட்டும். சம்பாத்தியக் கேள்விக்கு என் பதில், யாவாரிக்குப் போட்டா இல்ல. நேரா வாங்குற ஆளு கையில இருந்தா கொஞ்சம் உண்டு. கிளாஸ் எடுக்கிறதுலதான் இப்ப அம்மாவுக்கு ஒழுங்கா காசு வருதுன்னு அவங்களே சொல்றாங்க.

ஆகஸ்ட் 2, இரவு 10.05

கடைசி கிளாஸ். மூடி போட்ட பெட்டி. மூடிக்கு வார் எண்ணிக்கை அதேதான், வாரை மட்டும் ஒரு மயிரிழை அகலமா எடுக்கணும், அப்பதான் பெட்டி மேல இறுக்கமா உக்காரும். இதுக்குத்தான் முதல் நாள் ரெண்டு மணி நேரம் வாரவச்சாங்கன்னு இப்ப புரியுது. எனக்கு மூடி மூணாவது தடவைலதான் சேர்ந்துச்சு.

மிச்ச ஓலைய ஆளாளுக்கு எடுத்து என்னென்னமோ செஞ்சோம். தூத்துக்குடிக்காரப் பொண்ணு ஒருத்தி குருத்தோலை ஞாயிறுக்கு மடிக்கிற சிலுவைய அரை நிமிஷத்துல மடிச்சுக் காட்டினா, சின்னப் பிள்ளைல இருந்து கோயில்ல மடிக்கிறாளாம். நான் காத்தாடி செஞ்சேன், ரெண்டு துண்டு ஓலையும் ஒரு முள்ளும், வேப்பங்குச்சில குத்தி ஓடினா சுத்தும். யாரும் எனக்குச் சொல்லித் தரல, கை தானா மடிச்சது. அந்தப் பையன் அத எடுத்துக்கிட்டு ஹால் பூரா ஓடினான், அப்ப மட்டும் அம்மா ஃபேனை போடச் சொன்னாங்க.

ஆகஸ்ட் 18, மாலை 5.20

ஓலை எங்க கிடைக்கும்னு கேட்டு நிறைய பேர். இதுதான் உண்மைலயே கஷ்டமான பகுதி.

கடைல கிடைக்காது. மரம் ஏறத் தெரிஞ்சவர் வேணும். நான் ரெண்டு ஞாயித்துக்கிழமை அலைஞ்சேன். மதுரைய விட்டு வெளிய போனா பனை நிறைய நிக்குது, ஏறத்தான் ஆள் இல்ல. பதநீர் சீசன்ல ஏறுறவங்க கூட சீசன் முடிஞ்சா வேற வேலைக்குப் போயிடுறாங்க. கடைசியில ஒரு பெரியவர் கிடைச்சார், 68 வயசு, அவர் ஏறும்போது நான் கீழ நின்னு மேல பார்க்கவே முடியல. அவர் ஒரு மரத்துல ஒரு குருத்துக்கு மேல தொடமாட்டேன்னுட்டார். பனைக்கு உச்சில இருக்கிறது ஒரே ஒரு குருத்துப் பகுதிதான், கிளை கிடையாது, அது பட்டுப்போச்சுன்னா மரமே மொட்டையா நின்னு செத்துடும். அதனால அந்த உச்சிக்கு சேதம் வராம குருத்தை அளவா எடுக்கிறார், அந்த மரத்துக்கு மறுபடி அந்த வருஷம் போறதில்ல.

மரத்தையே வெட்டி வித்துடுறாங்கன்னு ஒருத்தர் கோவமா எழுதியிருந்தார், நியாயமான கோவம். பனை நம்ம மாநில மரம், 2021ல வந்த முதல் வேளாண் பட்ஜெட்ல கலெக்டர் அனுமதி இல்லாம பனைய வெட்டக்கூடாதுன்னு அறிவிச்சாங்க. உங்க பக்கம் வெட்டுறதப் பார்த்தா அனுமதி இருக்கான்னு கேளுங்க, கேக்கலாம்.

அப்புறம் குருத்து கிடைக்கலன்னா தென்னங்குருத்துல பழகலாமான்னு கேட்டவருக்கு, பழகலாம், மூலை எழுப்ப கை பழகும். ஆனா பனை ஓலை மாதிரி வருஷக்கணக்கா நிக்காது.

அக்டோபர் 22, இரவு 8.55

மழை. அலமாரில வச்சிருந்த ஆறு பெட்டில நாலுல கறுப்பா புள்ளி. வெயில் பார்க்காத ஓலை அப்படித்தான்னு அம்மா போன்ல சொன்னாங்க, உலர்ந்த துணியால துடைச்சு, வெயில் அடிச்ச அன்னைக்கு ரெண்டு பக்கமும் காயவைக்கணும், பிளாஸ்டிக் கவர்ல மட்டும் போட்டு மூடாதேன்னாங்க. நான் போட்டுத்தான் வச்சிருந்தேன். ஆச்சி பெட்டியெல்லாம் அடுப்படிப் பரண்ல இருந்ததுக்கு இதான் காரணமா இருக்கும், புகைலயும் சூட்லயும் பூஞ்சையும் வராது பூச்சியும் வராது.

டிசம்பர் 14, காலை 11.15, ஊர்ல இருந்து

நேத்து திருக்கார்த்திகை, ஊருக்கு வந்திருக்கேன். ஓலைக்கொழுக்கட்டை. பச்சைக் குருத்தோலைய சாண் நீளத்துக்கு நறுக்கி அதுக்குள்ள அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய், சிறுபயறு, ஏலக்காய் சுக்கு எல்லாம் பிசைஞ்சு வச்சு மூடி கட்டி அவிக்கிறது. ஓலை வாசம் மாவுல ஏறும், அத எழுத்துல சொல்ல முடியாது. இந்தத் தடவை ஓலை நறுக்குற வேலைய நான் எடுத்துக்கிட்டேன், ஈர்க்கு எங்க விட்டு எங்க எடுக்கணும்னு கை சொல்லுச்சு. சித்தி பார்த்துட்டு, ஏலே இவன் எப்ப இதெல்லாம் படிச்சான்னு எங்க அம்மாகிட்ட கேட்டா.

சாயங்காலம் பரண்ல ஏறினேன். ஆச்சி முடைஞ்சதுல ஒரே ஒரு பெட்டி மிச்சம் இருக்கு, புகைல கறுத்து, பாக்கு நிறம். கீழ கொண்டு வந்து வாசல் வெளிச்சத்துல வச்சுப் பார்த்தேன். அடில 16 வார். ஒண்ணு மேல ஒண்ணு கீழ இல்ல, ரெண்டு மேல ரெண்டு கீழ, அத எங்க கிளாஸ்ல தொடவே இல்ல. வார் முடியிற இடத்துல புதுசு சேர்த்த ஒட்டு எங்கன்னு கால் மணி நேரம் தேடினேன், கண்டுபிடிக்க முடியல. அப்புறம் ஒரு மூலை மட்டும் மத்த மூணையும் விட தளர்வா இருந்துச்சு. எனக்கும் எப்பவும் கடைசி மூலைதான் தளரும், முதல் மூணு மூலைய இறுக்கி கை ஓய்ஞ்சிருக்கும். அந்த மூலைய கட்டைவிரலால ரொம்ப நேரம் தடவிக்கிட்டே இருந்தேன். அம்மா விளக்கு ஏத்த வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா.

வாய்ல ஒரு பக்கம் நார் அத்துப்போயிருக்கு. அத பொத்தணும். ஓலைக்குத்தான் கிளாஸ் போனேன், நார் உரிக்கிறது எனக்குத் தெரியாது. இன்னைக்குக் காலைல பக்கத்துத் தோப்புல ஒரு பச்சை மட்டை வாங்கிட்டு வந்து ஓரத்துல பல்லு மாதிரி இருக்கிற கருக்கை சீவி வச்சிருக்கேன், சித்தி மத்தியானம் வந்து உரிச்சுக் காட்டுறேன்னு சொல்லியிருக்கா. மட்டைய ஊறப்போடவான்னு கேட்டேன், இதைப் போடலாம்ல போடுன்னா, தொட்டில கிடக்கு.